பீபா: லண்டன் இளசுகளுக்கு உடுத்தக் கொடுத்த கடையின் உச்சம் எது?

கேள்வி இது: "1960களின் லண்டனைப் பற்றி எதைப் படித்தாலும் பீபா என்ற துணிக்கடை வந்துவிடுகிறது. மொத்தமே பதினோரு வருடம் இருந்த கடைக்கு ஏன் இத்தனை பெயர்? அதன் பொற்காலம் என்று எதைச் சொல்வது? அவ்வளவு கூட்டம் வந்த கடையை ஏன் மூடினார்கள்?"

பீபா என்றதும் பெரும்பாலானவர்கள் 1973-இல் திறந்த ஏழு மாடிக் கடையைத்தான் நினைக்கிறார்கள். மொட்டைமாடித் தோட்டத்தில் ஃபிளமிங்கோக்கள், ஐந்தாவது மாடியில் வானவில் விளக்கு போட்ட உணவகம், சிறுத்தைத் தோல் டிசைனில் கட்டில். படங்களில் பார்க்க அதுதான் அழகு. ஆனால் என் கணக்கில் பீபாவின் உச்சம் அதற்கு முன்பே, 1966-லிருந்து 1969 வரை, கென்சிங்டன் சர்ச் ஸ்ட்ரீட்டில் இருந்த இருட்டான சின்னக் கடையில் நடந்து முடிந்துவிட்டது. ஏழு மாடிக் கடை அந்த மூன்று வருடம் சம்பாதித்த பெயரைச் செலவழித்தது, அவ்வளவுதான். இதைப் பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதனால் கொஞ்சம் பின்னாலிருந்தே சொல்கிறேன்.

பிரிட்டனில் போர்க்காலத் துணிப் பங்கீடு 1949-இல்தான் முடிந்தது. உணவுப் பங்கீடு 1954 வரை இழுத்தது. அந்தக் காலத்தில் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கென்று தனியாக உடை கிடையாது. பள்ளிச் சீருடையைக் கழற்றினால் அடுத்து அம்மா போடுகிற மாதிரியான கோட்டும் பாவாடையும், கையுறையும் தொப்பியும்தான். 1955-இல் மேரி குவான்ட் செல்சீயின் கிங்ஸ் ரோட்டில் பஜார் என்ற கடையைத் திறந்து இதை உடைத்தார். இளம்பெண்ணுக்கு ஓடவும் ஆடவும் வசதியான உடை வேண்டும் என்று முதலில் கடை போட்டுச் சொன்னவர் அவர்தான். அந்தப் பெருமையைப் பீபாவுக்குத் தூக்கிக் கொடுக்கக் கூடாது. ஆனால் பஜாரின் விலை செல்சீயின் வசதியான வீட்டுப் பெண்களுக்கான விலை. 1963-இல் குவான்ட் ஜிஞ்சர் குரூப் என்று மலிவான வரிசை ஒன்றைக் கொண்டுவந்தார். அதுகூட வாரச் சம்பளம் வாங்கும் டைப்பிஸ்ட் பெண் யோசித்து வாங்க வேண்டியதாகத்தான் இருந்தது. ஆண் பிள்ளைகளுக்கு அந்தப் பிரச்சினை குறைவு. கார்னபி ஸ்ட்ரீட்டில் ஜான் ஸ்டீஃபன் வரிசையாகக் கடைகள் போட்டு அவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஊர்ப்புறத்திலிருந்து வந்து லண்டனில் வாடகை அறையில் தங்கி, அலுவலக வேலை பார்க்கும் பெண் மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

அவள் பட்டது, பின்னாளில் பீபாவைத் தொடங்கிய பார்பரா ஹூலனிக்கியின் கண்ணில்தான். பார்பரா 1936-இல் வார்சாவில் பிறந்தவர். அப்பா போலந்து நாட்டின் தூதரக அதிகாரி. அவர் 1948-இல் ஜெருசலேமில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு குடும்பம் இங்கிலாந்தின் பிரைட்டனுக்கு வந்து சேர்ந்தது. அங்கே அவர்களை ஆண்டது சோஃபி பெரியம்மா. பணக்காரி, பழைய பாணிக்காரி. 1930களின் பட்டும் மங்கிய நிறங்களும் நகைகளும் அந்தப் பெரியம்மாவின் அலமாரியிலிருந்துதான் பார்பராவின் கண்ணுக்குள் போயின. சின்ன வயதில் அவருக்கு அது பிடிக்கவே இல்லையாம். பிரைட்டன் கலைப்பள்ளியில் படித்தார். 1955-இல் ஈவ்னிங் ஸ்டாண்டர்ட் பத்திரிகை நடத்திய போட்டியில் நீச்சலுடை வடிவமைப்புக்குப் பரிசு வாங்கினார். பிறகு பத்திரிகைகளுக்கு ஃபேஷன் ஓவியம் வரைந்து பிழைத்தார். பாரிஸ் அணிவகுப்புகளில் உட்கார்ந்து பெரிய பெரிய உடைகளை வரைந்து அனுப்புவார். அதைப் பார்க்கிற வாசகிகளில் ஒருத்தியாலும் அவற்றை வாங்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். அந்த எரிச்சலைத்தான் நான் பீபாவின் விதை என்று நினைக்கிறேன்.

1961-இல் ஸ்டீஃபன் ஃபிட்ஸ்-சைமனைத் திருமணம் செய்துகொண்டார். எல்லோரும் ஃபிட்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். விளம்பர நிறுவனத்தில் வேலை. கடையைத் தபாலில் தொடங்கலாம் என்ற யோசனை அவருடையது. 1963-இல் பீபாஸ் போஸ்டல் பூட்டிக் ஆரம்பமானது. பீபா என்பது பார்பராவின் தங்கை பிருட்டாவின் செல்லப் பெயர். ஆரம்பத்தில் போட்ட ஒன்றிரண்டு உடைகள் சுமாராகத்தான் போயின. 1964 மே மாதம் டெய்லி மிரரின் ஃபேஷன் ஆசிரியர் ஃபெலிசிட்டி கிரீன், வாசகிகளுக்காக மலிவாக ஒரு உடை செய்து தர முடியுமா என்று கேட்டார். இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட கிங்ஹாம் துணியில் கையில்லாத ஒரு கவுன், முதுகில் வட்டமாக ஒரு துளை, அதே துணியில் தலைக்குக் கட்ட ஒரு முக்கோண ஸ்கார்ஃப். பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோ 1959-இல் தன் திருமணத்துக்கு இளஞ்சிவப்பு கிங்ஹாம் போட்டதிலிருந்து அந்தத் துணி மேல் எல்லோருக்கும் ஆசை இருந்தது. விலை 25 ஷில்லிங், அதாவது ஒன்றேகால் பவுண்டு. டெய்லி மிரர் அப்போது நாளுக்கு 50 லட்சம் பிரதி விற்ற பத்திரிகை. மறுநாளே சுமார் 4,000 ஆர்டர்கள் வந்தன. முடிவில் ஏறக்குறைய 17,000 உடைகள் விற்றதாகச் சொல்வார்கள்.

இந்தக் கதையை எல்லோரும் அதிர்ஷ்டம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அந்த உடையைத் தைப்பவரின் கண்ணோடு பாருங்கள். துணி மலிவு. கையில்லை, காலர் இல்லை, இடுப்பில் வெட்டில்லை. முதுகுத் துளை என்ற ஒரே அலங்காரத்துக்குத் துணி கூடுதலாகத் தேவையில்லை, குறைகிறது. ஸ்கார்ஃப் மிச்சத் துணியில் வந்துவிடும். ஆனால் போட்டுக்கொண்டவளுக்குத் தலையிலிருந்து முழங்கால் வரை ஒரு முழு அலங்காரம் கிடைத்துவிடுகிறது. குறைந்த தையலில் முழுத் தோற்றம். பின்னால் பீபா செய்த எல்லாவற்றுக்கும் இதுதான் சூத்திரம்.

அந்த ஆண்டு செப்டம்பரில் கென்சிங்டனின் அபிங்டன் ரோட்டில் ஒரு பழைய மருந்துக்கடையைப் பிடித்தார்கள். கடை திறந்த விதத்தைப் பார்பரா தன் சுயசரிதையில் சொல்கிறார். பழுப்பு நிறத்தில் மெல்லிய கோடு போட்ட கவுன்கள் ஒரே அளவில் வந்து கடைக்குள் தொங்கிக்கொண்டிருந்தன. கடை இன்னும் முறையாகத் தயாராகவில்லை. ஒரு சனிக்கிழமை காலை கதவைத் திறந்து வைத்துவிட்டு அவர் சற்று உள்ளே போய் வந்தால், கடை முழுக்கப் பெண்கள். ஒருவரோடு ஒருவர் பேசாமல், எல்லோரும் அதே பழுப்புக் கவுனைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வேறு டிசைன் இருக்கிறதா, வேறு அளவு இருக்கிறதா என்று ஒருத்தியும் கேட்கவில்லை. சில மணி நேரத்தில் அத்தனையும் போய்விட்டன.

கடைக்குள் என்ன இருந்தது என்றால், அதிகம் ஒன்றுமில்லை. சன்னலில் கனத்த திரை. சத்தமாகப் பாட்டு. வளைந்த மரத் தொப்பி ஸ்டாண்டுகள் நாலைந்து, அவற்றில் பூமாலை மாதிரி தொங்கும் உடைகள். அந்தக் காலத்துத் துணிக்கடையில் கண்ணாடி கவுண்டருக்குப் பின்னால் ஒரு அம்மணி நிற்பார். "என்ன வேண்டும்?" என்று கேட்பார். கேட்டதை மட்டும் எடுத்துக் காட்டுவார். பீபாவில் விற்கிற பெண்ணும் வாங்க வருகிற பெண்ணும் ஒரே வயது. வலியப் போய் உதவி செய்யக்கூடாது என்பது எழுதாத சட்டம். வாங்காமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தாலும் யாரும் விரட்ட மாட்டார்கள். பின்னாளில் அமெரிக்க வோக் ஆசிரியரான அன்னா வின்டோர் தன் பதினைந்து வயதில் இங்கே கொஞ்ச நாள் வேலை பார்த்திருக்கிறார். ஈவ்னிங் ஸ்டாண்டர்ட் ஆசிரியராக இருந்த அவருடைய அப்பா ஏற்பாடு செய்த வேலை அது.

இனி நிறத்துக்கும் வெட்டுக்கும் வருவோம். பீபாவை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது இவை இரண்டும்தான்.

1960களின் நடுவில் லண்டன் ஃபேஷன் என்றால் வெள்ளை, கறுப்பு, வெள்ளி, பளிச்சென்ற மஞ்சள், பிளாஸ்டிக் மழைக்கோட்டு. எல்லாம் விண்வெளிக் கனவு. பார்பரா எதிர்த்திசையில் போனார். மங்கிய கத்தரிப்பூ, அரக்கு, பாக்கு நிறம், துரு, சேறு, நாவல்பழம். சோஃபி பெரியம்மாவின் அலமாரி நிறங்கள். சின்ன வயதில் வெறுத்தவற்றையே இருபது வருடம் கழித்து எடுத்துத் தன் வயதில் பாதி இருக்கும் பெண்களுக்குப் போட்டுவிட்டார். ஒரே சாயத்தொட்டியில் முக்கியெடுத்தது போல கவுனும் காலுறையும் தொப்பியும் ஒரே நிறக் குடும்பத்தில் இருக்கும். இதில் ஒரு வியாபார சாமர்த்தியம் இருக்கிறது. கடையில் எதை எடுத்தாலும் இன்னொன்றோடு பொருந்தும். போன மாதம் வாங்கிய பாவாடைக்கு இந்த மாதம் வந்த சட்டை சேரும். குறைந்த சம்பளக்காரிக்கு அலமாரி தானாகச் சேர்ந்துகொண்டே போகும்.

வெட்டு இன்னும் முக்கியம். தோள் மிகக் குறுகல். கைக்குழியை அக்குளுக்கு நெருக்கமாக மேலே ஏற்றி வெட்டுவார்கள். கை நீளமாக, தோலோடு ஒட்டியபடி இறங்கும். உடம்புப் பகுதி மார்பிலிருந்து கீழே மெல்ல விரியும். கைக்குழி உயரமாக இருந்தால் உடம்பு நீளமாகத் தெரியும், கை மெலிந்து தெரியும், கழுத்து உயர்ந்து தெரியும். ஆனால் கையைத் தூக்குவது கஷ்டம். பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்க முடியாது என்று வாடிக்கையாளர்களே கேலி செய்வார்கள். கேலி செய்துகொண்டே அடுத்த சனிக்கிழமை வருவார்கள். அளவுகளும் சிறியவைதான். போருக்குப் பின் பங்கீட்டுச் சாப்பாட்டில் வளர்ந்த தலைமுறை ஒல்லியாக இருந்தது, அந்த உடம்புக்கு எதைப் போட்டாலும் நன்றாக இருந்தது என்று பார்பராவே சொல்லியிருக்கிறார். இதில் ஒரு குறையும் இருக்கிறது. அதை மழுப்ப வேண்டாம். கொஞ்சம் சதைப்பிடிப்பான பெண்ணுக்குப் பீபாவில் இடமில்லை. எல்லோருக்கும் ஆன கடை என்று அதைக் கொண்டாடுகிறவர்கள் விலையை மட்டும் பார்க்கிறார்கள், இடுப்பளவைப் பார்ப்பதில்லை.

1966-இல் கென்சிங்டன் சர்ச் ஸ்ட்ரீட்டில் 19–21 எண்ணுள்ள ஒரு பழைய மளிகைக் கடைக்கு மாறினார்கள். நான் சொல்லும் உச்சம் இங்கே தொடங்குகிறது. அபிங்டன் ரோட்டிலிருந்து சாமான்களைத் தூக்கி வர பாடகி சில்லா பிளாக்கும் தொலைக்காட்சித் தொகுப்பாளர் கேத்தி மெக்கோவனும் கைகொடுத்தார்கள் என்றால் கடைக்கு வந்தவர்கள் யார் என்று புரியும். கேத்தி மெக்கோவன் சாதாரண ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்த ரெடி ஸ்டெடி கோ என்ற பாப் இசை நிகழ்ச்சியை நடத்தியவர். அவர் வெள்ளிக்கிழமை போட்ட உடையை நாடு முழுக்க இளசுகள் பார்த்தார்கள். சனிக்கிழமை காலையில் அதே உடையோ அதன் தங்கச்சியோ பீபாவில் தொங்கும். விலை சில பவுண்டுதான். அந்தக் காலத்தில் நட்சத்திரம் போட்டதை ரசிகை போட ஒரு வருடம் ஆகும், அதுவும் மட்டமான நகலாக. இங்கே ஒரே ராத்திரி. நட்சத்திரமும் ரசிகையும் ஒரே ஸ்டாண்டிலிருந்து எடுத்தார்கள், ஒரே பொது அறையில் உடை மாற்றினார்கள். ஆமாம், தனித்தனி அறையெல்லாம் கிடையாது. எல்லோருக்கும் ஒரே அறை, சுவரில் கண்ணாடி. நடிகை ஜூலி கிறிஸ்டி, மாடல் ட்விகி மாதிரியானவர்கள் வந்துபோன கடை அது. பக்கத்தில் பாவாடையை இழுத்துக்கொண்டிருப்பவள் யார் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் அந்த இடத்தின் மரியாதை.

வேகத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிய கடைகள் வருடத்துக்கு இரண்டு பருவம் என்று முன்கூட்டியே ஆர்டர் கொடுப்பவை. பீபாவில் பார்பரா வரைந்தது சிறு தையல் பட்டறைகளுக்குப் போய், சில வாரத்தில் உடையாக வந்து, சில நாளில் காலியாகும். விற்றது முடிந்தால் முடிந்ததுதான், அதே உடை மறுபடி வராது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட முடியாததால் வாராவாரம் வர வேண்டியிருந்தது. லாபம் ஒரு உடைக்குக் கொஞ்சம்தான், சரக்கு சுழலும் வேகத்தில்தான் காசு. இன்று உலகம் முழுக்க மலிவு ஃபேஷன் நிறுவனங்கள் செய்வது இதைத்தான். அந்தத் தொழில் பின்னாளில் கொண்டுவந்த குப்பைக்கும் கூலிச் சுரண்டலுக்கும் ஒரு சின்னக் கடையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் ஆசையும் அவசரமும் கலந்த அந்த வியாபாரப் பழக்கத்தின் ஆரம்பப் பள்ளிகளில் ஒன்று பீபா என்பதை மறைக்கவும் வேண்டாம்.

இந்த வேகத்துக்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஒருமுறை ஸ்ட்ரெட்ச் ஜெர்சி துணியில் தைத்த பாவாடைகள் பட்டறையிலிருந்து வந்தன. பிரித்துப் பார்த்தால் துணி சுருங்கி, நீளம் பத்து அங்குலம்தான் இருந்தது. கடை திவாலாகப் போகிறது என்று பார்பராவுக்குத் தூக்கம் போய்விட்டது. தொங்கவிட்டார்கள். போட்ட வேகத்தில் காலியாயின. மினி பாவாடையைக் கண்டுபிடித்தது யார் என்ற சண்டை குவான்ட்டுக்கும் பாரிஸ் வடிவமைப்பாளர் குரேஜுக்கும் இடையில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. குவான்ட்டே தெருவில் போகும் பெண்கள்தான் அதைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லிவந்தார். சர்ச் ஸ்ட்ரீட் ஸ்டாண்டில் நடந்ததைப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி என்று படுகிறது.

டைம் வார இதழ் 1966 ஏப்ரலில் "ஸ்விங்கிங் லண்டன்" என்று அட்டைப்படக் கட்டுரை போட்ட பிறகு சுற்றுலாக்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். கூட்டம் தாங்கவில்லை. திருட்டும் அப்படித்தான். இருட்டு, நெரிசல், பொது அறை, சத்தமான பாட்டு, கண்காணிக்காத பணிப்பெண்கள். இதைவிட வசதியான சூழ்நிலை திருடுகிறவர்களுக்கு எங்கே கிடைக்கும்? பழைய கவுனோடு உள்ளே போய்ப் புதுக் கவுனோடு வெளியே வந்தவர்கள் எத்தனையோ பேர். வேடிக்கை என்னவென்றால், விளக்கைப் போட்டால் திருட்டு குறையும், வியாபாரமும் குறையும். கடை தங்கள் கையில் இருந்த வரை பார்பராவும் ஃபிட்ஸும் விளக்கைப் போடவில்லை.

இந்தச் சமயத்தில் வந்த தபால் பட்டியல்களையும் சொல்ல வேண்டும். 1968-லிருந்து ஆறு பட்டியல்கள் வந்தன. ஜான் மெக்கானல் வடிவமைத்தார். சாரா மூன், ஹெல்மட் நியூட்டன் மாதிரியானவர்கள் படம் எடுத்தார்கள். லண்டனுக்கு வர முடியாத பெண்ணுக்குக் கடையே தபால் உறையில் போனது. இன்று அவை ஏலத்தில் விலை போகும் பொருள்கள். அன்று படித்துவிட்டுத் தூக்கிப்போட்டார்கள்.

சரி, அப்படியானால் ஏன் 1969-ஓடு உச்சம் முடிந்தது என்கிறேன்?

1969-இல் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய கம்பளக் கடையை எடுத்து மூன்றாவது பீபாவைத் திறந்தார்கள். அதற்குப் பணம் வேண்டும். முக்கால் பங்கை வெளியாருக்கு விற்றார்கள். முக்கியப் பங்குதாரர் டோரதி பெர்கின்ஸ் என்ற சங்கிலித் துணிக்கடை நிறுவனம். பார்பராவுக்கும் ஃபிட்ஸுக்கும் கால் பங்கு மிஞ்சியது. வெளிப்பார்வைக்கு அதற்குப் பிறகு வந்த நான்கு வருடங்கள்தான் வெற்றி. மெல்லிய தோலில் முழங்கால் வரை ஏறும் பூட்சுக்குத் தெருவில் வரிசை நின்றது. அழகுசாதனங்கள் வந்தன. உதட்டுக்குச் சிவப்பும் ரோஜாவும் மட்டுமே தெரிந்திருந்த காலத்தில் பழுப்பு, நீலம், கறுப்பு என்று சாயம் வந்தது. வாங்கும் முன் கடையிலேயே போட்டுப் பார்க்கலாம். டோரதி பெர்கின்ஸின் கிளைகள் வழியாக அது நாடு முழுக்கப் போனது. எதிரே கென்சிங்டன் மார்க்கெட்டில் பின்னாளில் குவீன் இசைக்குழுவின் பாடகராகப் புகழ்பெற்ற ஃபிரெடி மெர்க்குரி என்ற இளைஞர் பழந்துணி விற்றுக்கொண்டிருந்தார். அவருடைய காதலி மேரி ஆஸ்டின் பீபாவில் வேலை பார்த்தார். இதெல்லாம் உண்மை. ஆனால் கடையின் சாவி கைமாறியதும் இந்த வருடங்களில்தான்.

1971 மே 1-ஆம் தேதி ஆங்ரி பிரிகேட் என்ற தீவிர இடதுசாரிக் குழு இந்தக் கடையில் குண்டு வைத்தது. முன்கூட்டியே தொலைபேசியில் எச்சரித்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அவர்கள் விட்ட அறிக்கையின் சாரம், பளபளப்பான பூட்டிக்குகளில் பணிப்பெண்கள் எல்லோரையும் ஒரே மாதிரி உடுத்த வைத்து, ஒரே மாதிரி முகப்பூச்சுப் பூசி, 1940களுக்குத் திரும்ப அனுப்புகிறார்கள் என்பது. குண்டு வைத்ததை எப்படியும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் கடையைப் பற்றிய அந்த விமரிசனத்தில் கொஞ்சம் சரக்கு இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் அம்மாவிடமிருந்து விடுதலையாகத் தெரிந்த தோற்றம், 1971-இல் சீருடையாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

அப்புறம் வந்தது பிக் பீபா. அதே ஹை ஸ்ட்ரீட்டில் டெர்ரி அண்ட் டாம்ஸ் என்ற பல்பொருள் அங்காடியின் கட்டடம். 1933-இல், ஆர்ட் டெக்கோ என்ற அந்தக் கால அலங்காரப் பாணியில் கட்டிய மாளிகை. 1938-இல் மொட்டைமாடியில் ஒன்றரை ஏக்கரில் ஸ்பானியத் தோட்டம், டியூடர் தோட்டம், சிறு காடு என்று மூன்று தோட்டங்கள் போட்டிருந்தார்கள். 1973 செப்டம்பரில் முழுக் கட்டடமும் பீபாவானது. உள்ளே வடிவமைத்தவர்கள் விட்மோர்-தாமஸ் என்ற இருவர் கூட்டணி. அவர்கள் செய்த வேலையைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். கீழ்த்தளத்தில் உணவுப் பகுதி. பீன்ஸ் டின்களை அடுக்க ராட்சத பீன்ஸ் டின் வடிவில் ஒரு அலமாரி. நாய் உணவுக்கு ராட்சத கிரேட் டேன் நாய் வடிவில் இன்னொன்று. பீன்ஸிலிருந்து சோப்புத்தூள் வரை எல்லாம் கறுப்பிலும் தங்கத்திலும் பீபா சின்னத்தோடு. பெண்கள், குழந்தைகள், ஆண்கள், வீட்டுச் சாமான் என்று மாடிக்கு ஒரு உலகம். குழந்தைகளுக்குக் கோட்டை. அதே அரக்கு, கத்தரிப்பூ நிறங்களில் கைக்குழந்தைக்கும் உடுப்பு. ஐந்தாவது மாடியில் ரெயின்போ ரூம் உணவகம். 1973 நவம்பரில் நியூயார்க் டால்ஸ் குழு அங்கே கச்சேரி செய்தது. தெருப்பக்கச் சன்னல்களில் சரக்கே வைக்கவில்லை. உட்கார இடம் போட்டிருந்தார்கள். தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் மனிதர்கள்தான் காட்சி.

நகரில் சுற்றிப் பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்றாக அது ஆனது. சிக்கலும் அங்கேதான். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் சுற்றிப் பார்த்தார்கள். ஃபிளமிங்கோவைப் பார்த்து, ஒரு காபி குடித்து, ஒரு உதட்டுச்சாயம் வாங்கிக்கொண்டு போனார்கள். சின்னக் கடையில் உட்கார்ந்து நேரம் போக்கும் கூட்டம் கடைக்கு உயிர். ஏழு மாடியில் அதே கூட்டம் வாடகைக் கணக்கில் காலி இடம். வாராவாரம் சரக்கு சுழன்ற வேகத்தை வைத்துப் பிழைத்த கடை, நகராத கட்டில்களையும் விளக்குகளையும் பீன்ஸ் டின்களையும் வாங்கி அடுக்கியிருந்தது.

காலமும் சரியில்லை. திறந்த அடுத்த மாதம் எண்ணெய் நெருக்கடி. 1974 ஜனவரி முதல் மார்ச் வரை மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்று அரசாங்கமே உத்தரவு போட்டது. அதே சமயத்தில் நிலச் சந்தையும் சரிந்தது. டோரதி பெர்கின்ஸை பிரிட்டிஷ் லேண்ட் என்ற நிலச்சொத்து நிறுவனம் 1973-இல் வாங்கியிருந்தது. அவர்களுக்கு பீபா என்பது ஒரு நல்ல தெருவில் இருக்கும் பெரிய கட்டடம். சதுர அடிக்கு என்ன வருமானம் என்று கேட்டார்கள். கேட்டது தப்பு என்று சொல்ல மாட்டேன், சொத்துக்காரர் அதைத்தான் கேட்பார். குழல் விளக்கு வந்தது, சன்னலில் சரக்கு வந்தது, முடிவெடுக்கும் அறையில் பார்பராவின் குரல் எடுபடாமல் போனது. அவர் விலகினார். 1975-இல் கடை மூடப்பட்டது. கட்டடத்தைப் பிறகு மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரும் பிரிட்டிஷ் ஹோம் ஸ்டோர்ஸும் பங்கு போட்டுக்கொண்டன.

பிக் பீபா பேராசையால் விழுந்தது என்று ஒரு சாரார். முதலாளிகள் கொன்றுவிட்டார்கள் என்று இன்னொரு சாரார். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. என் பார்வையில் அடி விழுந்தது 1969-இல், முக்கால் பங்கை விற்ற அன்று. பணம் போட்டவர்கள் நல்லவர்களாகவே இருந்திருந்தாலும், சின்னத் தவறைச் சுருங்கின பாவாடை மாதிரி மறுநாளே விற்றுத் தள்ளும் சுதந்திரம் அன்றோடு போனது. ஏழு மாடிக் கடையில் தவறு செய்தால் அது பல மாதம் கண்ணெதிரில் நிற்கும்.

பார்பராவும் ஃபிட்ஸும் பிரேசிலுக்குப் போனார்கள். 1980களின் பின்பாதியில் பார்பரா மயாமிக்கு வந்து ஹோட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும் உள் அலங்காரம் செய்பவரானார். ஃபிட்ஸ் 1997-இல் காலமானார். 2012-இல் பார்பராவுக்கு ஓபிஇ என்ற பிரிட்டிஷ் அரசுப் பட்டம் வந்தது. அந்த ஆண்டு பிரைட்டன் அருங்காட்சியகமும், 2024-இல் லண்டனின் ஃபேஷன் அண்ட் டெக்ஸ்டைல் மியூசியமும் பீபாவுக்குக் கண்காட்சி வைத்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த உடைகளைப் பார்த்தால் முதலில் தெரிவது கையின் குறுகல்தான்.

பெயர் மட்டும் வேறு வழியில் போனது. பீபா என்ற வணிகப் பெயர் பார்பராவின் கையில் இல்லாததால் அதைப் பலர் வாங்கி மறுபடி மறுபடி கடை திறந்தார்கள். 2006-இல் வடிவமைப்பாளர் பெல்லா ஃபிராய்டை வைத்து உயர்ரக டிசைனர் வரிசையாகக் கொண்டுவந்தபோது, இவ்வளவு விலைக்கு விற்றால் அது பீபாவே இல்லை என்று பார்பரா வெளிப்படையாகவே சொன்னார். அவர் சில வருடம் கழித்து டாப்ஷாப் துணிக்கடைகளுக்கும், ஆஸ்டா சூப்பர்மார்க்கெட்டின் ஜார்ஜ் வரிசைக்கும் மலிவு விலையில் உடை வரைந்து கொடுத்தார். 2009-இல் பீபா பெயரை வாங்கிய ஹவுஸ் ஆஃப் ஃபிரேசர் என்ற பல்பொருள் அங்காடி நிறுவனம், 2014-இல் அவரை ஆலோசகராக அழைத்துக்கொண்டது.